அழுகிற முகத்துக்குப் புள்ளடி

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியும் அவர் காதுக்குப் போய்விடும். போனால், நல்லதாக நாலு வரி எழுதி ஊருக்குக் காட்டிவிட்டாயே, இனி என்ன வினை வரப்போகுதோ என்று தொலைபேசியில் அரை மணித்தியாலம் நான் வாங்கிக் கட்டவேண்டும். அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவருக்கு என்னைவிட ஆறேழு வயது கூட.

முதலில் அவர் எனக்குச் சொன்ன பொய்யைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. மொன்றியல் நகர நடுவில் ஒரு கல்லூரியில், சனிக்கிழமைக் காலைகளில் நாங்கள் இருவரும் ப்ரீ-கல்குலஸ் படித்தோம். கல்குலஸ் படிக்க ஆசையிருந்தும் பள்ளிக்கூடக் கணக்கை மறந்துபோனவர்கள் முதலில் இந்த வகுப்பில் தேறவேண்டும். முதல் சோதனை வந்த கிழமை, வியாழக்கிழமை, அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து எவ்வளவு படித்தீர்கள் என்று கேட்டேன்.

“நானோ? ஒண்டும் படிக்கேல்லை பிள்ளை. கொப்பியே திறக்கேல்லை. நான் எங்கை பாஸ் பண்ணப்போறன்,” என்றார்.

அந்தப் பெருமூச்சை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். அவ்வளவு களைத்த, அவ்வளவு உண்மையான பெருமூச்சு. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அக்காவே படிக்கவில்லை, நான் ஏன் அடித்துப்பிடிக்கவேண்டும் என்று கொப்பியை மூடிவைத்துவிட்டு வெள்ளிக்கிழமை முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தேன். அடுத்த கிழமை தாள்கள் திரும்பி வந்தன. எனக்கு நாற்பத்தொன்று. அவருக்குத் தொண்ணூற்றேழு.

மெட்ரோ மேடையில் வைத்து நான் அவரைப் பிடித்துக் கிழித்தேன். வெட்கமில்லையா அக்கா, ஒரு ஆளை இப்படி நம்பவைத்துக் கழுத்தறுக்கலாமா என்றெல்லாம் கேட்டேன். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக் கிழவர் இரண்டடி தள்ளிப் போனார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “மூண்டு புள்ளி போச்சே பிள்ளை,” என்றார்.

எங்கள் ஆட்கள் எல்லாரும் கொஞ்சம் இப்படித்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். சோதனைக்கு முன்னால் படித்தேன் என்று சொன்ன தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அது வாய்ப்பழக்கம். அக்காவுக்கு அது உயிர்மூச்சு. நல்லதாக எது நடந்தாலும் அதைச் சொன்ன கணமே அது பறிபோய்விடும் என்று அவர் உள்ளூர நம்பினார். கண்ணூறு என்ற சொல்லைக்கூட அதிகம் பாவிக்கமாட்டார், அதைச் சொன்னாலும் பட்டுவிடும் என்ற பயம்.

டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. பதினாலு வருடமாக நின்று, ஒரு பகுதிக்கே மேற்பார்வையாளராக வந்திருந்தார். கேட்டால், “கரண்டி அடுக்கிறன்,” என்பார். அவர் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போனேன். ஒண்டும் செய்யேல்லை, சும்மா ஒரு சோறுதான் என்று வாசலிலேயே மன்னிப்புக் கேட்டார். உள்ளே போனால் நண்டுக் குழம்பு, இறால் பொரியல், கணவாய், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி, இரண்டு சம்பல், பொரித்த மிளகாய், இன்னும் நான் பெயர் மறந்த இரண்டு. புதிதாக ஒரு குளிர்கோட்டு வாங்கி வந்த நாளில், நல்ல நிறம் அக்கா என்று சொல்லிவிட்டேன். ஆரோ தூக்கிப்போட்ட பழசு என்று சொல்லிவிட்டு, மறுகையால் விலைச்சீட்டைக் கோட்டின் கைக்குள் தள்ளினார்.

அவருக்கு ஒரே மகன். என்ன செய்கிறான் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வந்தது ஒரே பதில்: “அவனுக்கு ஒண்டும் தெரியாது. சும்மா ஏதோ படிக்கிறான்.” பாவம், பொடியன் ஏதோ வழிதவறி நிற்கிறான் போல என்று நான் இரக்கப்பட்டு, என் மருமகனுக்கு வேலை எடுத்துக்கொடுத்த ஆளின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை நன்றியோடு வாங்கிக் கைப்பையில் வைத்தார். பொடியன் மருத்துவம் படிக்கிறான் என்பது பிறகு அவருடைய கணவர் வாயால்தான் எனக்குத் தெரியவந்தது.

சனிக்கிழமைகளில் எங்கே போகிறீர்கள் என்று மாதா கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் தையல் வகுப்பு என்று சொல்லிவைத்திருந்தார். கணக்கு வகுப்பு என்பது வீட்டில் இரண்டு பேருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் கோயில் பங்கில் நாலைந்து கேக் கடைக்காரிகளும் இரண்டு தையற்காரிகளும் இருந்ததால், என்ன தைக்கிறாய், காட்டு என்று அவர்கள் நெருக்குவார்களாம். இன்னும் ஊசியிலை நூல் கோக்கவே வரேல்லை என்று ஒரு தவணை முழுக்கச் சமாளித்திருக்கிறார்.

வகுப்பில் அவர் எழுதுகிற விதத்தைச் சொல்லவேண்டும். இடது கையை மேசையில் வளைத்து, கொப்பியைச் சுற்றி ஒரு மதில் கட்டிவிடுவார். அந்த மதிலுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவார். பக்கத்தில் இருந்த எனக்கு அவருடைய முழங்கையைத் தவிர வேறொன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் படித்த பழக்கம் அது, ஒரு புள்ளியில் ஆயிரம் பேர் முந்திப் போய்விடுகிற இடத்தில் எவளும் தன் விடையைக் காட்டமாட்டாள் என்று ஒருநாள் விளக்கம் தந்தார். இங்கே உங்களை முந்த யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பின்வரிசையில் தொப்பியோடு தூங்குகிற பொடியனைக் கண்ணால் காட்டினார்.

இப்போது என்னைப்பற்றி. பார்க் எக்ஸ்டென்ஷனில் மிளகாய்த் தூளும் சம்பலும் பொதிசெய்து கடைகளுக்குக் கொடுக்கிற ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் நான் வேலை செய்தேன். நாங்கள் போடுகிற தேங்காய்ச் சம்பல் நாலாம் நாள் புளித்துவிடும். ஏன் நாலாம் நாள், ஏன் ஆறாம் நாள் இல்லை என்று முதலாளியைக் கேட்டால், அது அப்படித்தான் என்பார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற வேளாண் வளாகத்தில் உணவு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஒரு ஆய்வுகூடத்தில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டோடு நின்று ஒரு கிண்ணம் தயிரை நாள்கணக்கில் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் நான் நிற்கவேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. அதற்குக் கல்குலஸ் வேண்டும் என்றார்கள். கல்குலஸுக்கு இந்த வகுப்பு வேண்டும் என்றார்கள். முதல் தடவை இந்த வகுப்பில் விழுந்துவிட்டேன், அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இது இரண்டாம் தடவை. இதிலும் விழுந்தால் கடிதம் எழுதி, காரணம் காட்டி, கெஞ்சித்தான் திரும்பச் சேரலாம். நான் என்னை அறிவேன். கெஞ்சுகிற ஆள் இல்லை, அப்படியே விட்டுவிடுவேன்.

நாற்பத்தொன்று எடுத்த பிறகு, வகுப்பு முடிய அக்காவைக் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எனக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்யுங்கள், சேர்ந்து படிப்போம் என்றேன். எனக்கென்ன தெரியும் என்று தொடங்கினார். எனக்கும் ஒன்றும் தெரியாது, இரண்டு தெரியாதவர்களும் சேர்ந்து இருப்போம் என்று சொல்லி இருத்தினேன். உண்மையில் அவருக்கும் என்னால் ஒரு பயன் இருந்தது. பதின்மூன்று வயதில் இங்கே வந்தவள் நான், ஆங்கிலம் எனக்குத் தண்ணீர். அக்காவுக்குக் கணக்கு ஓடும், ஆனால் கேள்வியில் ராட்டினம், கடல் வற்றுப்பெருக்கு, ஹாக்கிப் பந்தயம் என்று நாலு வரி கதை வந்தால் நின்றுவிடுவார். நான் கதையைச் சொல்ல, அவர் கணக்கைப் பார்ப்பார்.

பார்ப்பார் என்றேனே தவிர, சொல்லித் தரமாட்டார். அது தெரியும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமல்லவா! எனக்கு விளங்கேல்லை, நீ செய், பாப்பம் என்பார். நான் செய்துகொண்டு போவேன். எங்காவது பிழை விட்டால், மெல்ல, “அப்பிடியோ?” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் பேனையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கவேண்டும். சரியாகச் செய்து முடித்தால், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “சரி போல கிடக்கு,” என்பார். நூற்றுக்கு நூறு சரியென்று நிச்சயமாகத் தெரிந்த விடைக்கும் ‘போல’தான். அந்த ‘சரி போல கிடக்கு’வுக்காக நான் வாரம் முழுக்க மிளகாய்த் தூளுக்குள் நின்றபடி கணக்குப் போட்டேன் என்றால் நம்புவீர்களா? இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு சந்தோசம் பிடித்துவிட்டது. முப்பத்தாறு வயதில் முதன்முறையாகக் கணக்கு எனக்கு விளங்கியது.

ஏன் படிக்கிறீர்கள் என்று ஒருமுறை மட்டும் கேட்டேன். கொண்டுவந்த மீன் ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்து எனக்கு ஒரு துண்டு தந்துகொண்டே சொன்னார். உயர்தர வகுப்பில் ஆசிரியர் வகையீடு என்று தலைப்பை எழுதி, கீழே ஒரு வளைகோடு கீறி, நாளைக்குப் பார்ப்போம் என்றாராம். அடுத்த நாள் சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டுவிட்டது. இங்கே கல்குலஸ் என்று சொல்வது அதைத்தான். “அந்தக் கோட்டுக்குப் பிறகு என்ன எண்டு பாக்கவேணும்,” என்றார். உடனே பயந்துபோய், சும்மா பொழுதுபோக்குக்குத்தான் வாறன் என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கள் ஆசிரியர் கொட்டும் பனியிலும் சைக்கிளில் வருகிற நெடுவல் மனிதர். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அக்கா கடைசிவரை சேர் என்றே கூப்பிட்டார். மிக நல்லவர், ஆனால் யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே நம்புகிறவர். முதல் நாள் வகுப்பு முடிவில் விளங்கியதா என்று பொதுவாகக் கேட்டார். மரியாதைக்கு அக்கா, ஒன்றும் விளங்கவில்லை சேர் என்றார். மனிதர் பலகையைத் துடைத்துவிட்டு முழுப் பாடத்தையும் முதலிலிருந்து இருபது நிமிடம் அவருக்காகத் திரும்ப நடத்தினார். வகுப்பே பெருமூச்சுவிட்டது. அக்கா வேர்த்து விறுவிறுத்து இருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒவ்வொரு சோதனைத் தாளின் முன்பக்கத்திலும் ஐந்து முகங்கள் அச்சடித்திருந்தார். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. நீங்கள் எவ்வளவு ஆயத்தமாக வந்திருக்கிறீர்கள், பொருத்தமான முகத்தைக் குறியுங்கள் என்று கேள்வி. அதற்குப் புள்ளி கிடையாது, மாணவர்களின் மனநிலையை அறியத்தான். அக்கா ஒவ்வொரு முறையும் அழுகிற முகத்துக்குக் கீழே, தேர்தலில் போடுவது மாதிரி, இரண்டு கோட்டைக் குறுக்கே கீறி அழுத்தி ஒரு புள்ளடி போட்டுவிட்டுத்தான் முதலாம் கேள்விக்குப் போவார்.

இடைத்தவணைச் சோதனையில் எனக்கு எண்பத்துநாலு. அக்காவுக்குத் தொண்ணூற்றெட்டு. ஆனால் அந்தப் புள்ளிகள் உடனே எங்கள் கைக்கு வரவில்லை. புதன்கிழமை எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல் வந்தது. சனிக்கிழமை வகுப்புக்கு அரை மணித்தியாலம் முன்னதாக அலுவலகத்துக்கு வரவும், உங்கள் இரண்டு தாள்களைப்பற்றியும் பேசவேண்டும், பேசும்வரை புள்ளிகளைப் பதியமுடியாது என்று இருந்தது.

பார்த்து எழுதியதாக முடிவானால் அந்தச் சோதனைக்குப் பூச்சியம் என்பது முதல் நாளே சொல்லப்பட்ட விதி. பூச்சியம் என்றால் இந்தத் தடவையும் நான் தேறமுடியாது. சென்ட்-ஆன் போய்விடும், வெள்ளைக் கோட்டுப் போய்விடும், நான் சாகும்வரை சம்பலைப் பொதிசெய்துகொண்டு நிற்கவேண்டியதுதான். அக்காவுக்கு எடுத்தேன்.

“நான் ஒண்டும் செய்யேல்லையே பிள்ளை,” என்றார். அவரை அறிந்த காலத்தில் அந்த வசனம் உண்மையாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

சனிக்கிழமை ஆசிரியர் எங்கள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். குரல் உயர்த்தவேயில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஏழாம் கேள்வியைக் காட்டினார். சைன் வருகிற சமன்பாடு அது. வட்டத்தைச் சுற்றச் சுற்ற அதற்கு முடிவில்லாமல் விடைகள் வந்துகொண்டிருக்கும். அந்த விடைகளை வகுப்பில் இரண்டு வரியாகப் பிரித்து எழுதப் படிப்பித்திருந்தார். எங்கள் இரண்டு தாளிலும் ஒரே வரிதான் இருந்தது, ஒருமுறை கூட்டி ஒருமுறை கழித்துப் போகிற மாதிரி. இதை நான் படிப்பிக்கவில்லை, புத்தகத்திலும் இல்லை, வகுப்பில் வேறு ஒருவரும் எழுதவில்லை, பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற நீங்கள் இரண்டு பேர் மட்டும் எழுதியிருக்கிறீர்கள் என்றார். பிறகு அக்காவின் தாளில் முன்பக்கத்தைப் புரட்டினார். அழுகிற முகம். முதல் சோதனைத் தாளின் பிரதியை எடுத்தார். அழுகிற முகம். ஒன்றும் படிக்கவில்லை என்று நீங்களே எழுதித் தருகிறீர்கள், புள்ளி தொண்ணூற்றெட்டு, எனக்கு விளங்கவில்லை, விளங்கப்படுத்துங்கள் என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அந்த மனிதரில் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் பேசத் தொடங்கினேன். அந்த ஒற்றை வரி நாங்கள் பிறந்த நாட்டில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிப்பது, அக்காவிடம் இருந்து சிற்றுண்டிச்சாலையில் நான் பழகியது என்றேன். அந்த முகத்தைப்பற்றி எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்கள் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் தெரிந்தது போய்விடும் என்று பயம், அதனால் நன்றாகப் படித்தவர்கள்தான் அழுகிற முகத்துக்குப் புள்ளடி போடுவார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று எனக்கே விளங்கியது. ஆசிரியர் குறிப்பெடுக்க எடுத்த பேனையைக் கீழே வைத்தார். அப்படியென்றால் சிரிக்கிற முகம் போட்டவர்கள் என்று இழுத்தார். அவர்கள் விழுவார்கள் என்றேன். தன்னையறியாமல் கொஞ்சம் சிரித்துவிட்டார். ஆனாலும் அக்காவிடம் திரும்பி, இதே மாதிரிக் கணக்கு ஒன்றைப் பலகையில் செய்யத் தெரியுமா என்று நேராகவே கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஐ டோன்ற் நோ சேர், ஐ ட்ரை என்று வரப்போகிறது. எங்கள் இரண்டு பேரின் கதையும் அதோடு முடிந்துவிடும்.

“அக்கா,” என்றேன். “என்ரை படிப்பு இதிலை கிடக்கு. இண்டைக்கு ஒரு நாளைக்குத் தெரியும் எண்டு சொல்லுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் கண்டது பயம், சத்தியமாகப் பயம். பூச்சியத்துக்கான பயமில்லை அது. மகனையும், வீட்டையும், பதினாலு வருட வேலையையும், அந்த வளைகோட்டையும், எல்லாவற்றையும் சொல்லாமல் வைத்துத்தான் அவர் இவ்வளவு தூரம் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஆசிரியரைப் பார்த்து, தெளிவாக, “ஐ நோ, சேர்,” என்றார். சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தார். ஒன்றும் இடிந்து விழவில்லை. “ஐ ஸ்டடி. எவ்ரி டே. ஃபோர் ஓ க்ளொக், பிஃபோர் வேர்க்.”

எழும்பிப் பலகைக்குப் போனார். வலது கையால் எழுதத் தொடங்கினார், இடது கையைத் தூக்கிப் பலகையில் வைத்து மறைத்துக்கொண்டு! ஆசிரியர் கதிரையோடு இந்தப் பக்கம் சரிந்தார், அந்தப் பக்கம் சரிந்தார், ஒன்றும் தெரியவில்லை. கையை எடுக்கலாமா என்று பணிவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுகிற மாதிரி நடித்தேன். அக்கா கையை எடுத்தார். அங்கே விடை இருந்தது, அந்த ஒற்றை வரியில். ஒரு வட்டம் கீறி, ஒருமுறை கூட்டினால் இங்கே வரும், ஒருமுறை கழித்தால் இங்கே வரும், உங்கள் இரண்டு வரியும் இதற்குள் இருக்கிறது என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். ஆசிரியர் எழும்பிப் பக்கத்தில் போய் நின்றார். தானே இரண்டு மூன்று எண்ணைப் போட்டுப் பார்த்தார். அவருடைய முகம் ஐந்து முகத்தில் முதலாவது முகமாகிவிட்டது.

பிறகு என் முறை. எனக்கும் ஒரு கணக்குத் தந்தார். நடுவில் ஒரு கழித்தல் குறியில் நின்றுவிட்டேன். பழக்கத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. அப்பிடியோ என்று தவறி வந்துவிடக்கூடாது என்று. எனக்கு வந்த பாசத்தில் அந்தக் கழித்தல் குறி எங்கே போகவேண்டுமோ அங்கே தானாகப் போனது. புள்ளிகளை அன்றைக்கே பதிந்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஒற்றை வரியை முழு வகுப்புக்கும் அக்காதான் பலகையில் காட்டினார். தொப்பிப் பொடியன்கூட எழும்பி எழுதினான்.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களென்றால் உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. கடைசிப் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் எடுத்தேன். கொப்பியே திறக்கேல்லை பிள்ளை என்றார். நான் தொலைபேசியை வைத்த கையோடு இருந்து விடிய விடியப் படித்தேன். மொத்தமாக எனக்கு எழுபத்தெட்டு வந்தது. அக்காவுக்குத் தொண்ணூற்றொன்பது, அந்த ஒரு புள்ளிக்கு இன்றைக்கும் கவலை. அந்த வளைகோட்டுக்குப் பிறகு என்ன என்று அடுத்த தவணையில் இருவரும் பார்த்தோம், அதற்கும் அடுத்ததில் இன்னும் பார்த்தோம். எல்லாம் நடந்து ஏழு வருடமாகிறது. அவர் இப்போது வயதுவந்தோர் படிக்கிற ஒரு பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிறார். சும்மா போய் வாறன் என்கிறார். நான் சென்ட்-ஆனில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறேன். சம்பல் ஏன் நாலாம் நாள் புளிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையைப்பற்றி. முடிவு வந்து, கல்குலஸ் வகுப்பில் இடம் கிடைத்த தாளை அச்செடுத்து நான் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த கிழமை. தங்கள் கோயில் திருநாள், மண்டபத்தில் சாப்பாடு இருக்கு, வா என்று அக்கா கூப்பிட்டார். நான் பிள்ளையார் கோயில்காரி, ஆனால் சாப்பாட்டில் எனக்குச் சமயபேதம் இல்லை. போனேன். மண்டபத்தில் நாலைந்து பெண்கள் அக்காவைச் சுற்றி நின்றார்கள், தையற்காரிகள் இருவரும் அதற்குள். இது ஆர் என்று ஒரு வயதான அன்ரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார். “தையல் வகுப்பிலை என்னோடை வந்தவ,” என்றார். “இவளுக்கு ஒண்டும் தெரியாது. சும்மா ஏதோ படிக்கிறாள்.”

தன் மகனைத் தவிர வேறொருவரைப்பற்றியும் அவர் அந்த வசனத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்களின் பிள்ளைகளை அவர் தாராளமாகப் புகழுவார், அவர்களுக்கு என்ன வந்தால் அவருக்கென்ன. கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க நான் தட்டில் இருந்த ரோல்ஸைக் கடித்தேன். அந்த அன்ரிக்கு என்னில் இரக்கம் வந்துவிட்டது போல. பரவாயில்லை பிள்ளை, என்னதான் தைக்கப் படிச்சனீ என்று ஆறுதலாகக் கேட்டார். கைப்பைக்குள் அந்தத் தாள் இருந்தது. எடுத்துக் காட்டினால் மண்டபமே என்னைப் பார்த்திருக்கும்.

“நானோ அன்ரி?” என்றேன், ஒரு நல்ல பெருமூச்சோடு. “ஒண்டும் படிக்கேல்லை.”

அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

“சரி போல கிடக்கு,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.